கோல் சாய்ந்ததைப் பார்த்தவன்

ஏப்ரல் 4

தம்பிக்கு,

உன் அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பிதழைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உறையின் மேல் 'வீரத் தியாகியின் துணைவியார் அவர்கள்' என்று அச்சடித்திருந்தது. அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை. இங்கே இருப்பது ஆற்றுத் துறைப் பொறியாளர் ஒருவரின் மனைவி. அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை யாரும் அவரைத் தியாகி என்று சொன்னதில்லை. அவரே கேட்டிருந்தால் கொஞ்சம் சிரித்திருப்பார்.

மூலை மருந்துக்கடைச் சுவரில் அவர் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். சீருடை, தோளில் துப்பாக்கி, மூக்குக்குக் கீழே முறுக்கிவிட்ட மீசை. ஒட்டிக்கொண்டிருந்த இளைஞர்களிடம் நின்று கேட்டேன்.

"யாருப்பா இவரு?"

"தெரியாதா பெரியம்மா? அக்கரைக்காரனுங்க சுட்டுக் கொன்னாங்களே, அவருதான். ஆத்துல வச்சு."

"யாரு சொன்னா?"

"நம்ம வெண்கலக் குரலாருதான், வேற யாரு! அவரோட சொந்த மச்சானாம்."

"இவருக்கு மீசையே கிடையாதேப்பா."

"மீசை இல்லாம எப்படி பெரியம்மா எடுபடும்?"

அவனைக் குறை சொல்லமாட்டேன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். வெண்கலக் குரலாரான உனக்கு அதைவிடக் கூடுதலாகத் தெரியும். உன் அத்தான் தினமும் காலையில் சமையலறை ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து மழித்ததை நீ பார்த்திருக்கிறாய். அவர் தோளில் தொங்கியது குடை. காதில் செருகியிருந்தது பென்சில்.

அவரைச் சுட்டார்கள் என்று நீ எங்காவது சொன்னாயா? ஆம் அல்லது இல்லை. தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். நீ 'நலமா' என்று கேட்டாலே கீழே கூட்டம் கை தட்டுவது போல இருக்கிறது. கையால் எழுது. எழுதும்போது பொய்க்குக் கொஞ்சமாவது நேரம் பிடிக்கும்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

அழைப்பிதழ் விஷயத்தில் என் செயலாளர் செய்த தவறை மன்னியுங்கள். இதோ, நீங்கள் கேட்டபடி என் கையாலேயே எழுதுகிறேன்.

நான் 'சுட்டார்கள்' என்று சொல்லவில்லை. மன்றத்தில் நான் சொன்னது இதுதான்: "என் அக்காள் கணவர் கடமையைச் செய்ய அக்கரைக்குப் போனார். உயிரோடு போனவரை அவர்கள் தங்கள் படகில் பிணமாகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த உடலை இந்தக் கைகளால் வாங்கியவன் நான்." அக்கா, இதில் எந்த வார்த்தை பொய்? அவர் கடமைக்குத்தான் போனார். அவர்கள் படகில்தான் வந்தார். நான்தான் வாங்கினேன்.

மக்களுக்கு நீரின் அளவு, ஒப்பந்தத்தின் பிரிவு, அணைக்கட்டின் உயரம் இதெல்லாம் சொன்னால் ஏறாது. அக்கரைக்காரர்கள் மேலே தண்ணீரைத் தடுக்கிறார்கள் என்பது உண்மை. அதைத் தட்டிக் கேட்டே ஆகவேண்டும். ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் 'போருக்கு என்ன நியாயம்' என்று தினமும் கேட்டு எங்களைக் குற்றவாளிகள் போலக் கூண்டில் நிறுத்துகிறார்கள். நியாயத்துக்கு ஒரு முகம் வேண்டும். தலைவரே என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்லயே ஒரு முகம் இருக்கும்போது நாம ஏன் வெளியில தேடணும்?" என்றார்.

நிறைவு நாள் விவாதத்தன்று பார்வையாளர் மாடத்தில் நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும். ஒரு வார்த்தை பேசவேண்டாம். கார் அனுப்புகிறேன்.

அத்தானுக்கு இது பெருமைதானே?

உங்கள் தம்பி

&nbsp;

ஏப்ரல் 17

தம்பிக்கு,

கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். பூவேலை செய்து கொண்டுபோனால் மேல்பக்கத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டார். துணியைத் திருப்பிப் போட்டு முடிச்சுகளைப் பார்ப்பார். மேலே ரோஜா மலர்ந்திருக்கும், கீழே எலி கடித்த மாதிரி இருக்கும். முழுவதையும் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

உன் மூன்று வாக்கியங்களைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

அந்த ஆறு இரண்டு நாட்டுக்கும் பொது. வெள்ளம் வடிந்ததும் வருடாவருடம் இரண்டு துறைகளும் சேர்ந்து ஆற்றின் மட்டத்தை அளக்கும். கருவியை ஒரு கரையில் நிறுத்தவேண்டும், அளவுகோலை மறு கரையில் பிடிக்கவேண்டும். ஒரு கரையில் நின்றுகொண்டு ஆற்றை அளக்க எவனாலும் முடியாது. தன் ஆளே பார்த்து தன் ஆளே பிடித்தால் மற்றவன் நம்பமாட்டான் என்பதால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. அவர்கள் பொறியாளர் நம் கரைக்கு வந்து கருவிக் குழாயில் கண் வைப்பார். நம் பொறியாளர் அவர்கள் கரைக்குப் போய் கோல் பிடிப்பார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். யாரும் யாரையும் ஏமாற்ற இடமே இல்லை. அரசியல்வாதி யாரும் கண்டுபிடித்த ஏற்பாடு அல்ல, அதனால்தான் அது ஒழுங்காக நடந்தது.

அன்று உன் அத்தான் அக்கரையில் கோல் பிடித்தபடி நின்றார். அவர்களுடைய பொறியாளர், நாம் தொப்பிக்காரர் என்று சொல்வோமே, அவர் நம் கரையில் குழாயில் கண் வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொல்லும் எண்ணை எழுதிக்கொண்டிருந்தது யார்? எந்த வேலையும் நிலைக்காமல் திரிந்ததால் உன் அத்தான் தினக்கூலிக்கு எடுத்துக்கொண்ட என் தம்பி.

"கோல் சாயுது! கோல் சாயுது!" என்று தொப்பிக்காரர் கத்தினார் என்று என்னிடம் வந்து சொன்னது நீ. அவர் செருப்பைக்கூடப் போடாமல் படகுக்கு ஓடினார் என்று சொன்னது நீ. அக்கரையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் உன் அத்தானின் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னதும் நீதான். நீயும் தொப்பிக்காரரும் சேர்ந்து அவரைக் குளிப்பாட்டினீர்கள். நான் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டேன்.

எந்த வார்த்தை பொய் என்று கேட்கிறாய். வார்த்தைகள் பாவம், அவை உண்மையானவைதான். அவற்றை வரிசையில் நிற்கவைத்தவன்தான் பொய்யன்.

தண்ணீரைத் தடுக்கிறார்கள் என்றால் அதைச் சொல்லிச் சண்டை போடு. அது நியாயமா இல்லையா என்று நாடு முடிவு செய்யட்டும். என் புருஷனின் முகத்துக்கு மீசை வரைந்து அதைத் தூக்கிப் பிடிக்காதே. கார் அனுப்பாதே. அனுப்பினால் ஓட்டுநருக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா

&nbsp;

மே 2

அக்கா,

வானொலியில் கேட்டிருப்பீர்கள். என் வாயால் கேட்பது முறை என்பதால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விவாதம் எல்லை மீறிவிட்டது. எதிர்க்கட்சி வக்கீல், அந்தக் கறுப்புக் கண்ணாடி, எழுந்து நின்று, "அந்த மனுஷன் அக்கரைக்கு ஏன் போனாரு? சரக்கு கடத்தப் போனாருன்னு நாங்க சொல்றோம். உடம்புல காயம் இருந்துச்சா, இல்லையா? பார்த்தவரு இங்கதானே உட்கார்ந்திருக்காரு, சொல்லச் சொல்லுங்க" என்று கூச்சலிட்டார். அத்தானைக் கடத்தல்காரர் என்றதும் எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் மேசையைத் தட்டி, "சொல்லுங்க! சொல்லுங்க!" என்றார்கள். நான் எழுந்தேன். "என் கண்ணால் பார்த்தேன். நெஞ்சில் குண்டு பாய்ந்திருந்தது" என்று சொல்லிவிட்டேன்.

சொல்ல நினைத்து எழவில்லை அக்கா. எழுந்த பிறகு வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

எதிர்க்கட்சியினர் விடவில்லை. கல்லறையைத் திறந்து பார்க்கவேண்டும், இரு கட்சியும் சேர்ந்த குழு போடவேண்டும் என்றார்கள். எங்கள் தலைவர் பின்வாங்கினால் அசிங்கம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இந்தக் கூட்டத்தொடரில் இரண்டு தரப்பும் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அது.

ஆனால் மனைவியின் சம்மதம் இல்லாமல் திறக்கமுடியாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே நீங்கள் மறுத்துவிடுங்கள். காரணம்கூடச் சொல்லவேண்டாம். ஒரு மனைவியின் மனசு என்று எல்லோரும் தலை வணங்கிவிடுவார்கள். விஷயம் அத்தோடு அடங்கிவிடும். அத்தானும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

&nbsp;

மே 8

தம்பிக்கு,

முதலில் விருந்தாளிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

உன் கடிதத்துக்கு முன்பே கறுப்புக் கண்ணாடி வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்தும் கண்ணாடியைக் கழற்றவில்லை. புகைப்படக்காரர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துக்கம் விசாரிக்கும் குரலில் ஆரம்பித்தார்.

"அம்மா, நாங்க சமாதானத்துக்காகப் போராடறவங்க. உங்க வலி எங்களுக்குப் புரியுது."

"எனக்கு வலின்னு யாரு சொன்னா?"

"இல்லம்மா, உங்க தம்பி உங்க வீட்டுக்காரரை வச்சு அரசியல் பண்றாரு..."

"நீங்க அவரைக் கடத்தல்காரர்னு சொன்னது எந்தக் கணக்குல சேர்த்தி?"

"அது ஒரு வாதத்துக்குச் சொன்னதும்மா. போரை நிறுத்தணும்னா எதையாவது சொல்லித்தானே ஆகணும்? நல்ல காரியத்துக்கு."

"அப்படியா? உங்க அப்பா உயிரோட இருக்காரா?"

"இல்லைம்மா, போய்ட்டாரு."

"அவரைத் திருடன்னு சொல்லிட்டு வாங்க, நல்ல காரியத்துக்கு. அப்புறம் பேசலாம்."

புகைப்படக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் உங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர். மாலையோடு வந்தார். மாலை எனக்கா படத்துக்கா என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, நீங்க மறுத்துடுங்க, நாங்க பெரிசா நினைவிடம் கட்டறோம்" என்றார். கூடவே, "அப்படி நீங்க ஒத்துக்கிட்டாலும் கவலை இல்ல. குழுவுல நம்ம டாக்டர் ஒருத்தர் இருக்காரு, எலும்புல எதையாவது கண்டுபிடிச்சிடுவாரு" என்று ஆறுதலும் சொன்னார். நான் அதைக் கேட்டு மகிழ்வேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. மாலையை அவர் கழுத்திலேயே போட்டு அனுப்பினேன்.

இப்போது உன் கெஞ்சலுக்கு வருகிறேன்.

நான் மறுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கல்லறை மூடியிருக்கும். உன் குண்டும் அதற்குள் பத்திரமாக இருக்கும். அதை எடுத்துக் காட்டு என்று யாரும் கேட்கமுடியாது, ஏனென்றால் ஒரு கிழவி மனசு உடைந்து மறுத்துவிட்டாள். உன் பொய்க்குப் பூட்டுப் போட என் புருஷன் மேல் நான் வைத்திருக்கும் அன்பைக் கேட்கிறாய். அரசியலில் நீ எவ்வளவோ கேவலமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். இதுவரை என்னிடம் எழுத்தில் கொடுத்ததில்லை.

சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

அவரைத் தோண்டுவது எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதே. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தோண்டாமல் நிறுத்த ஒரே ஒருவனால் முடியும். காயம் இல்லை என்று அறிந்தவன், குளிப்பாட்டியவன், கோல் சாய்ந்ததைப் பக்கத்திலிருந்து கேட்டவன். அவன் நாடறிய வாய் திறந்தால் மண்வெட்டிக்கு வேலை இல்லை.

இருபத்தொன்றாம் தேதி காலையில் ஆட்கள் வருகிறார்கள்.

அக்கா

&nbsp;

மே 13

அக்கா, என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

நான் சொன்னதை இப்போது திரும்பப் பெற்றால் என் கதி என்ன? இருபது வருட அரசியல். அடுத்த அமைச்சரவையில் நீர்ப்பாசனம் எனக்குத்தான் என்று தலைவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். நான் பேசினாலும் பேசாவிட்டாலும் போர் வரத்தான் போகிறது. அது முடிவான விஷயம், நாங்கள் பேசிக்கொண்டிருப்பது காரணத்தைப் பற்றி மட்டும்தான். என் ஒருவன் வாயால் என்ன நிற்கப்போகிறது?

சம்மதத்தை ரத்து செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அத்தானை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

தம்பி

&nbsp;

மே 16

தம்பிக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது.

போர் நிற்குமா என்று உன்னை நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு உன்னை நான் பெரிய ஆளாக நினைக்கவும் இல்லை. என் புருஷன் எப்படிச் செத்தார் என்றுதான் கேட்டேன்.

காலையில் வெயில் ஏறிவிடும். கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா

&nbsp;

மே 22

அக்கா,

இதை என் வீட்டில் இருந்து எழுதவில்லை. பழைய ஓட்டுநர் ஒருவர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். எங்கள் வீட்டு ஜன்னல்களில் கண்ணாடி மிச்சம் இல்லை. கல் எறிந்தவர்களில் பாதிப் பேர் நான் பெயர் வைத்த பிள்ளைகள்.

நேற்றுக் காலை மன்றத்தில் என் முறை. பேச்சு அச்சடித்துக் கையில் இருந்தது. அக்கரையில் நின்று கோலைப் பிடித்த மனிதர் இந்நேரம் மண்வெட்டி ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பாரே என்று தோன்றியது. நீங்கள் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. சின்ன வயதில் நான் பாடம் ஒப்பிக்கும்போது அப்படித்தான் உட்காருவீர்கள்.

காகிதத்தை மடித்துவிட்டேன். "குண்டு இல்லை. காயம் இல்லை. அவர் நெஞ்சு வலியில் இறந்தார். அவருக்காகச் செருப்பில்லாமல் ஓடியவர் அக்கரைக்காரர். நான் பக்கத்தில் இருந்தேன். குண்டு பாய்ந்தது என்று இங்கே நான் சொன்னது பொய்" என்று சொன்னேன். என் குரல் வெண்கலம் மாதிரி இல்லை, தகரம் மாதிரி இருந்தது. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். அதனால் கடைசி வாக்கியத்தைக் கத்திச் சொன்னேன்.

எதிர்க்கட்சிக்காரர்கள் மேசை தட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

எங்கள் தலைவர் எழுந்து, "பார்த்தீர்களா? எதிரியின் கை நம் மன்றத்துக்குள்ளேயே வந்து நம் உறுப்பினரை விலைக்கு வாங்கிவிட்டது. இதைவிடப் போருக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?" என்றார். சாயங்காலம் தீர்மானம் நிறைவேறியது. கோழை என்று பெயர் வாங்கப் பயந்து எதிர்க்கட்சியிலும் பாதிப் பேர் கை தூக்கினார்கள். கறுப்புக் கண்ணாடியும்தான். காலையில் என்னைக் கட்டிப்பிடித்த அதே கை.

ஆக, போருக்குக் காரணம் இப்போது நான்.

அங்கே என்ன நடந்தது? அவரைத் தொட்டார்களா? அதை மட்டும் எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கத்தான் நினைக்கிறேன், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சில நாட்கள் அங்கே வந்து இருக்கலாமா?

தம்பி

&nbsp;

மே 26

தம்பிக்கு,

தொடவில்லை.

இரண்டு கட்சியும் தனித்தனியாக ஆட்களைக் கூட்டி வந்தன. ஒருவன் மண்வெட்டியை மற்றவன் நம்பவில்லை. தலைமாட்டில் உங்கள் ஆட்கள், கால்மாட்டில் அவர்கள் ஆட்கள், நடுவில் ஒரு கயிறு. இரண்டு டாக்டர்கள், இரண்டு புகைப்படக்காரர்கள், இரண்டு பந்தல். இந்தப் பக்கம் அள்ளிய மண் அந்தப் பக்கம் விழுந்துவிட்டது என்று ஒரு சண்டை. அடுத்தவன் கரையில் போய் நம்பிக் கோல் பிடித்த மனிதரின் தலைக்கு மேல் இது நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து போய்விடக்கூடாது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பளவு ஆழம் போனபோது யாருக்கோ தொலைபேசி வந்தது. ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போயிற்று. உங்கள் மாவட்டச் செயலாளர் என்னைப் பார்த்து, "உங்க தம்பி கவுத்துட்டாரும்மா" என்றார். எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். காயம் இல்லாத எலும்பு உங்கள் கட்சிக்கு வேண்டாம். நீயே சொல்லிவிட்ட பிறகு அவர்கள் கட்சிக்கும் வேண்டாம். பந்தலை அவிழ்த்தார்கள், கயிற்றைச் சுருட்டினார்கள். குழியை மூட யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டதற்கு, "அது குழுவோட அதிகாரத்துல வராதும்மா" என்றார் ஒரு டாக்டர். மற்ற டாக்டர் அதை முழுமனதோடு ஆமோதித்தார்.

நேற்றிலிருந்து ஆற்றில் படகு விடுவதில்லை. கரையில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். தொப்பிக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் வானொலியில் நீ கத்தியதைக் கேட்டிருப்பார். கேட்டிருக்கட்டும்.

மருந்துக்கடைச் சுவரில் மீசைப் படத்தின் மேல் இப்போது உன் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். கீழே துரோகி என்று எழுதியிருக்கிறது. உனக்கும் மீசை வரைந்திருக்கிறார்கள். அந்த ஆட்களுக்கு வேறு எதுவும் வரையத் தெரியாது போலிருக்கிறது.

வரலாமா என்று கேட்டாய். வா. பேருந்தில் வா. வரும்போது நல்ல மண்வெட்டி ஒன்று கொண்டு வா, இங்கே இருப்பது பிடி உடைந்தது. நேராக வீட்டுக்கு வராதே. முதலில் கல்லறைக்குப் போ. அவர்கள் தோண்டிய குழி திறந்தே கிடக்கிறது, நேற்று மழையில் தண்ணீரும் நிற்கிறது. அதை இறைத்துவிட்டு மூடவேண்டும். மூடிய பிறகு சாப்பிடலாம்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே, அதையும் ஒரு பேச்சாக்கிவிடுவாய். நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. நீ மண்ணை ஒழுங்காகப் போடுகிறாயா என்று உட்கார்ந்து பார்ப்பேன்.

அக்கா